கப்பல் ஏறப்போன சீர்ப் பாத்திரங்கள்: மொரப்பூரிலிருந்து மாரண்டஹள்ளி வரை

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் விமான நிலையத்தில் எடுத்த படத்தைப் போடுவார்கள். நான் ஒரு குட்டியானை வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். அதில் தெரிகிற பிரஷர் குக்கர், மிக்ஸி, சைக்கிள், இரண்டு மூட்டைத் துணி எல்லாம் ஆஸ்திரேலியா போகின்றன. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. எங்கள் குக்கர் எனக்கு முன்னால் கப்பல் ஏறுகிறது!

விஷயம் இதுதான். என் மனைவி பவித்ரா நர்ஸ். அடிலெய்டு நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போன ஆவணியில் கிளம்பிப் போனாள். எனக்கும் விசா வந்துவிட்டது, இந்தப் பங்குனி முடிவதற்குள் நானும் போகிறேன். சேலத்தில் ஆறு வருடம் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை மொரப்பூரில் என் அம்மா வீட்டில் போட்டிருந்தோம். பவித்ராவின் சீர்ப் பாத்திரங்கள் மட்டும் கல்யாணம் ஆன நாள் முதல் மாரண்டஹள்ளியில் என் மாமியார் வீட்டு லாஃப்டிலேயே இருந்தன. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஓசூரிலிருந்து வரும் பேக்கிங் ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். போன மாதம், மாசியில் ஒரு சனிக்கிழமை அதற்காக நான் செய்த ஒருநாள் பயணம்தான் இந்தப் பதிவு. எங்களைப் போல மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோகிறவர்கள் கொண்டுவரும் பழைய வீட்டுச் சாமான்களுக்கு ஆஸ்திரேலியாவில் சுங்க வரி கிடையாது. ஆனால் அந்தச் சாமான் உங்களுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் அங்கே போவதற்கு முன் பன்னிரண்டு மாதமாவது உங்களிடம் இருந்து, நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். விற்பதற்கோ அடுத்தவருக்கோ கொண்டுபோகக் கூடாது. இது சுங்கம். இன்னொரு பக்கம் பயோசெக்யூரிட்டி என்கிற உயிரியல் பாதுகாப்பு: மண், விதை, வைக்கோல், பூச்சி அரித்த மரம் எதுவும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. இதையெல்லாம் நான் நாலு தடவை படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்கிறேன், மண்டையில் ஏறியது என்று சொல்லவில்லை.

வேலைக்காக இப்போது தங்கியிருக்கும் சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறி விடியற்காலை மொரப்பூரில் இறங்கினேன். நான் சொல்லிவைத்திருந்த குட்டியானை ஓட்டுநர் சாதிக் பாய் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார். தர்மபுரிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வாய் ஓயாது. மொரப்பூரிலிருந்து மாரண்டஹள்ளி வரை நாள் வாடகை 3,800 ரூபாய், ஏற்றி இறக்கும் கூலியும் சேர்த்து.

"தம்பி, இது வரைக்கும் கோழி ஏத்தியிருக்கேன், கட்டில் ஏத்தியிருக்கேன், ஒரு வாட்டி மாப்பிள்ளையவே ஏத்தியிருக்கேன். ஆஸ்திரேலியா லோடு இதான் மொத தடவ" என்றார்.

அம்மா வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. சைக்கிள் டயரின் இடுக்கு மண்ணைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் நானே சுரண்டினேன். ஷூ அடிப்பாகமும் அப்படியே. மூங்கில் முறம், கோரைப்பாய், தென்னங்குச்சி விளக்குமாறு மூன்றையும் ஒதுக்கி வைத்தேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுக் குக்கரை எதேச்சையாகத் திறந்தால், உள்ளே ஒரு கைப்பிடி கேழ்வரகு! இட்லிச் சட்டியைத் திறந்தேன், அதிலும் கேழ்வரகு. மிக்ஸி ஜாரில்கூட.

"வெறும் ஏனமா குடுத்தனுப்பக் கூடாதுடா. புது வூட்டுக்குப் போவுது இல்ல?" என்றார் அம்மா.

"அம்மா, இத அங்க பாத்தாங்கன்னா பொட்டிய மொத்தமா தடுத்து வெச்சிருவாங்க."

"கேவுறு என்னடா பண்ணுது அவங்கள?"

கேழ்வரகு முளைக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பயம். பாத்திரம் பாத்திரமாகக் கொட்டி, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வேளைக் களிக்கு ஆகும். நீங்களும் கிளம்பும்முன் மூடி இருக்கும் பாத்திரத்தையெல்லாம் திறந்து பார்த்துவிடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் வெறும் பாத்திரம் கொடுக்க மாட்டார்கள்.

மொரப்பூரிலிருந்து தர்மபுரி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாலக்கோட்டு ரோட்டைப் பிடித்தோம். ஜன்னல் வழியே காற்று சில்லென்று வந்தது. எனக்குத் தூக்கமே இல்லை, உற்சாகத்தில் பேசிக்கொண்டே வந்தேன். பவித்ரா அங்கே இரண்டு படுக்கையறை வீடு பிடித்திருக்கிறாள், சமையலறை மட்டுமே எங்கள் சேலத்து ஹால் அளவு இருக்கும் என்று சாதிக் பாயிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். பாலக்கோட்டில் தக்காளி மார்க்கெட் ரோட்டில் டிராக்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். சாதிக் பாய் இறங்கிப்போய் ஒரு மண்டியில் பேசிவிட்டு, ஏழெட்டுக் காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தார். ஓசிதான். ஆனால் காய்கறி, பழம், முட்டை வைத்த பெட்டிகளில் சாமான் கட்டக் கூடாது என்பதும் விதி. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட நான் வாங்கிக் கொடுத்த டீயையும் போண்டாவையும் பயணச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மாரண்டஹள்ளி பதினாறு கிலோமீட்டர் இருக்கும். ஊருக்குச் சற்று வெளியே, தக்காளித் தோட்டத்தை ஒட்டி என் மாமியார் வீடு. மாமனார் இறந்தபின் அத்தை தனியாகத்தான் விவசாயம் பார்க்கிறார். பவித்ரா ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே, தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ஒரு பாத்திரம் வாங்கி வைத்தவர். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் கொடுத்ததும் சேர்ந்தது. "பெரிய வூடு அமையட்டும், அப்ப எறக்கிக்கலாம்" என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பெரிய வீடு அமைந்துவிட்டது. பத்து நாளாகத் தினம் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டார்: "சீரு போயிருமுங்களா மாப்ள?" மகளைத் தனியாக அனுப்பியதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பாத்திரமாவது கூடப் போக வேண்டும் என்று தவித்தார். நானும் ஒவ்வொரு தடவையும் "போயிருமுங்க அத்தை" என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

ஓசூர் லாரி எங்களுக்கு முன்பே வந்து நின்றது. பேக்கிங் மேற்பார்வையாளர் ஜெயந்தி, கூட இரண்டு ஆட்கள். நாமே கட்டிக் கொடுத்தால் அங்கே பெட்டியைப் பிரிப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் பேக்கிங்கையும் அவர்களிடமே விட்டிருந்தேன். மொரப்பூர் சாமான்கள் மளமளவென்று பெட்டிக்குள் போயின. பிறகு கூடத்தில் அத்தை வரிசையாக அடுக்கி வைத்திருந்த சீரைப் பார்த்து ஜெயந்தி நின்றுவிட்டார். எவர்சில்வர் அண்டா, குண்டான், அடுக்குகள், தூக்குகள், பித்தளைக் குடம், தாம்பாளம். கண் கூசியது. பாதிப் பாத்திரங்களில் கடை ஸ்டிக்கர்கூட உரியவில்லை.

"எப்ப வாங்கினதுங்கம்மா?"

"ஆறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க" என்றார் அத்தை பெருமையாக. "ஒரு வாட்டிகூட அடுப்புல ஏத்தலீங்க. ஒரு பொட்டுக் கறை இருக்கா பாருங்க. அப்புடியே புதுசு!"

ஜெயந்தி என்னைப் பார்த்தார். நாலு தடவை படித்த விதியில் 'உங்களுடையது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'பயன்படுத்தியது' என்பதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். வாங்கி ஆறு வருடம் ஆனதென்னவோ உண்மைதான். ஆனால் பவித்ரா இதில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

"இத நாங்க புதுசுன்னுதான் சார் எழுத முடியும்" என்றார் ஜெயந்தி. "புதுசுன்னா தனியா விலை போட்டு வரி கட்டணும், பில்லு கேப்பாங்க. பழசுன்னு எழுதி, அங்க பிரிச்சுப் பாத்தா, ஸ்டிக்கரே காட்டிக் குடுத்துரும். மத்த சாமானும் சேந்து நின்னுரும்." ஒரு தூக்கைத் திருப்பிப் பார்த்தார். "இதுல முனுசாமின்னு பேரு வெட்டியிருக்கே, அது யாருங்க?"

"பவித்ராவோட தாய்மாமனுங்க" என்றேன். "அன்பளிப்பு."

"இதுல கோவிந்தம்மா, இதுல ராஜாமணி. அடுத்தவங்க சாமான் ஏதாச்சும் எடுத்துட்டுப் போறீங்களான்னு வேற கேப்பாங்க சார்."

அன்பளிப்பு கொடுத்தவர் தன் பெயரை வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம் என்று எழுதிக் கொடுத்தால் பெயர் விஷயம் தீர்ந்துவிடும். பயன்படுத்தாததை என்ன சொல்லித் தீர்ப்பது? சாதிக் பாய் என் காதருகே குனிந்து, "லேசா கரி பூசிரலாமா தம்பி?" என்றார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் குடிபோகும் நாட்டுக்கு முதன்முதலாக எழுதிக் கொடுப்பதே பொய்யாக இருந்தால் உருப்பட்ட மாதிரிதான். வேண்டாம் என்றேன்.

அதற்குள் சமையலறையில் காஸ் அடுப்புப் பற்றும் சத்தம் கேட்டது. அத்தை பெரிய குண்டானின் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அடுப்பில் ஏற்றியிருந்தார். "பொழங்கினாத்தான பழசு? இப்பவே பொழங்கறேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் ஒரு வாட்டி ஏத்தி எறக்கிடறேன்."

"பன்னெண்டு மாசங்கம்மா" என்றார் ஜெயந்தி. "பன்னெண்டு நிமிசம் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அடித்துச் சொன்னவன் நான்தானே.

பவித்ராவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே நமக்கு முன்னால் ஐந்து மணி நேரம் ஓடுகிறது, அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "தோசக்கல்லு கட்டியாச்சா?" என்றாள்.

"எது, சேலத்துல நீ பொழங்கின அந்தக் கோணக்கல்லா? கட்டியாச்சு."

"அப்பச் சரி."

அத்தை போனைப் பிடுங்கினார். "ஊரே பேரு வெட்டிக் குடுத்துருக்கு, நீ கோணக்கல்லக் கேக்கறியாடி? வரியக் கட்டி அனுப்பறேன். நான் கட்டறேன்."

"வேணாம்மா. புதுசு இங்க கடையிலயே கெடைக்கும். நான் பொழங்கினது எங்கயும் கெடைக்காது. அதத்தான் அனுப்பச் சொன்னேன். அடுப்புல என்னம்மா வாசன?"

"தக்காளிச் சோறு" என்றார் அத்தை.

"எந்தக் குண்டான்ல?"

"உன் குண்டான்லதான்" என்று சொன்னவர், போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாப்பாடு எல்லோருக்கும் அங்கேதான். ஆறு வருடமாகத் தண்ணீர்கூடப் படாத குண்டானில், காலையில் பறித்த பழத்தில் செய்த தக்காளிச் சோறு. சாதிக் பாய் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஜெயந்தியின் ஆட்கள் எட்டுப் பெட்டிகளை ஏற்றினார்கள். சீர் ஒன்றுகூட ஏறவில்லை. லாரி ஓசூர்ப் பக்கம் திரும்பியதும் மனசு துள்ளியது, அத்தையைப் பார்த்ததும் அடங்கியது. இரண்டுமே அன்றைக்கு உண்மை.

உங்கள் பயணத்துக்குச் சில வார்த்தைகள். பட்டியல் எழுதும்போது 'சமையல் சாமான் ஒரு பெட்டி' என்று மொட்டையாக எழுதாமல் என்ன, எத்தனை, பழசா புதுசா என்று பிரித்து எழுதுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களைக் கையிலேயே வைத்திருங்கள். கப்பல் கட்டணத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள், அந்தப் பக்கத் துறைமுகத்திலும் பரிசோதனைக்கும் தனிக் கட்டணம் வரும், முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் பெட்டிகள் போய்ச் சேர இரண்டரை மாதம் ஆகலாம் என்றார்கள். விதிகள் மாறும், நாட்டுக்கு நாடு வேறு, அதனால் அந்தந்த அரசின் தளத்தைப் பார்க்காமல் என்னை மட்டும் நம்ப வேண்டாம். முக்கியமாக, போவது என்று முடிவானால், லாஃப்டில் இருப்பதை இன்றைக்கே இறக்கி அடுப்பில் வையுங்கள்.

சாதிக் பாய் முன்பே திரும்பிவிட்டதால், சாயங்காலம் பாலக்கோடு பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது அத்தை ரோடு வரைக்கும் கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார்: "மாப்ள, அதையெல்லாம் நான் எறக்கி ஒரு வருசம் பொழங்கினா அனுப்பலாங்களா?"

"நீங்க பொழங்கினா ஆவாதுங்க அத்தை. அவ பொழங்கியிருக்கணும். அதான் சட்டம்."

"அங்கயே இருக்கறவ எப்புடிப் பொழங்குவா?"

"இங்க வந்து ஒரு வருசம் இருந்தாத்தான் உண்டு."

அத்தை யோசித்தார். மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக முகம் மலர்ந்தது.

"அவ இங்க வந்து ஒரு வருசம் இருக்கணுமா? நல்ல சட்டந்தான் போட்டிருக்கறாங்க!"