சிவப்பு எரியவில்லை

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நம்ப வைப்பது என் வேலையில்லை, சென்சார் மாட்டுவதுதான் என் வேலை. ஆனால் இது நடந்தது. அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவன் நான்.

அது மேஜை நாற்காலி விற்கும் கடையின் கிடங்கு. அங்கே காவலுக்கு இருந்தவர் என் மாமனார். நான்தான் சேர்த்துவிட்டேன். கடையைப் பூட்டியதும் தினமும் அலாரம் அடித்தது. போய்ப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. கிழவர்தான் உள்ளே போய்த் தூங்குகிறார் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் மாமாவுக்கு வேலை இல்லை.

"மாப்பிள்ளை, நான் உள்ள காலே வைக்கல. சாவியே அவர்கிட்டதான் இருக்கு."

இந்த வயதில் அவரைத் திருடனைப் போல நிறுத்திவிட்டார்கள். கடை பூட்டிய பிறகு நானே உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

நான் மாட்டிய சென்சார் கிடங்கிலேயே முதலாளியின் மேஜைக்கு மேலே இருந்தது. எதிரே ஒரு பலகைச் சுவர். அதற்கு இரண்டு கண். ஒன்று உடம்புச் சூடு நகர்வதைப் பார்க்கும். அதற்குச் சிவப்பு விளக்கு. மற்றது மைக்ரோவேவ், எந்த அசைவையும் பிடிக்கும், அதற்கு நீலம். மைக்ரோவேவ் என்றதும் 'அதில் சமைக்கலாமா' என்று கேட்காத ஆள் இல்லை. சமைக்க முடியாது. ஆனால் கிடங்குக்கு அதுதான் கெட்டி. வெயிலுக்கும் தூசிக்கும் ஏமாறாது, பெரிய இடத்தைப் பிடிக்கும். தொல்லையும் அங்கேதான். பலகைச் சுவரைத் தாண்டியும் பார்த்துவிடும். பக்கத்து அறையில் ஃபேன் சுற்றினாலும், பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஓடினாலும் அதற்கு ஆள் நடமாட்டம்தான். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் மட்டும் அடிக்கட்டும் என்றேன். எது பார்த்தாலும் அடிக்கணும் என்றார் முதலாளி.

அன்று சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்.

"அந்தப் பலகைக்குப் பின்னால பார்க்காத மாதிரி வெச்சிடுங்க."

பலகையைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

மாலை 6.50. மாமா வெளியே இருந்தார். நான் ஃபேனை நிறுத்தினேன், தண்ணீரை அடைத்தேன், அசையாமல் உட்கார்ந்தேன். இரண்டு விளக்கும் அணைந்தன.

7.10. நீலம் மட்டும் எரிந்தது.

பலகைக்குப் பின்னால் எலி இருக்கும் என்று நினைத்தேன். சூடுதான் பலகையைத் தாண்டாதே.

எரிந்தது... அணைந்தது... எரிந்தது... அணைந்தது.

எலி அப்படி ஓடாது. தூங்குகிற ஆளின் மூச்சுப் போல ஒரே சீராக இருந்தது.

என் மூச்சை அடக்கினேன்.

அது நிற்கவில்லை.

சென்சாரைச் சோதிக்க நாங்கள் அதன் முன்னால் இரண்டு தடவை கையை ஆட்டுவோம். பழக்க தோஷம், ஆட்டினேன். சிவப்பு, நீலம் இரண்டும் இரண்டு தடவை எரிந்தன.

கையை மடியில் வைத்தேன்.

நீலம் மட்டும்... இரண்டு தடவை.

ஸ்டூலில் ஏறினேன். திருகைத் திருப்பி, சென்சாரின் பார்வை பலகைக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி குறைத்தேன்.

நீலம் அணைந்தது.

மாமாவின் வேலை தப்பியது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

பிறகு பக்கத்து அச்சகக்காரர் மாமாவிடம் சொன்னாராம். பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முன்பு ஒரு தடவை லோடு இறக்குகிற ஒருவன் காய்ச்சலோடு அங்கே படுத்திருக்கிறான். பார்க்காமல் பூட்டிவிட்டு எல்லோரும் நீண்ட விடுமுறைக்குப் போய்விட்டார்கள். அவன் மனைவி தேடிக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போயிருக்கிறாள். அப்போது இருந்தது சூடு பார்க்கும் சென்சார் மட்டும்.

"உள்ள ஆள் இல்லம்மா. இருந்தா மெஷின் கத்தியிருக்கும்."

கதவைத் திறந்து பார்க்க முதலாளிக்கு மனம் வரவில்லை. விடுமுறை முடிந்து திறந்தபோது அவன் உயிரோடு இல்லை. பிறகு அந்த அறையைப் பலகையடித்து மூடிவிட்டார்.

அன்றே மாமாவை வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

அடுத்த மாதம் முதலாளியிடமிருந்து போன். மறுபடியும் அடிக்கிறதாம். போய்ப் பார்த்தேன். நீலம் மட்டும் எரிந்தது. சென்சாரின் பார்வை பலகைக்கு இந்தப் பக்கமே நிற்கிறது, அதனால் இப்போது நடுவில் பலகை இல்லை. ஆனாலும் சிவப்பு எரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் குறைங்க."

பாதி அறைக்குக் குறைத்தேன். இருபது நாளில் மறுபடி போன். இன்னும் குறைத்தேன். இனி குறைக்க இடமில்லை. இப்போது அந்த சென்சார் பார்ப்பது அவருடைய மேஜையை மட்டும்தான்.

நேற்று அவர் மறுபடி கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.