கையில் சாயம், கண்ணில் காமாலை

என் கணவர் சேகருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சாயப் பிரிவில் வேலை. அங்கே தோலுக்கு என்ன நிறம் ஏறுகிறதோ, அவர் கைக்கும் அதே நிறம். அதனால் உள்ளங்கை மஞ்சளானபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்துவிட்டு, சாயத்தைத் திட்டினேன்.

வீட்டுக்கு வந்த கொழுந்தன் குமார்தான் அவர் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணி, கை சரி. கண்ணுக்குள்ள எப்டி சாயம் பூந்துச்சு?"

மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் கல்லீரலில் பரவலான பாதிப்பு (ஓரிடத்தில் கட்டியாக இல்லாமல் உறுப்பு முழுக்கப் படர்ந்த மாற்றம்) தெரிந்தது. ரத்தத்தில் பிலிரூபின் (பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள், கல்லீரல்தான் அதை வெளியேற்றும்) ஏறிக் கிடந்தது.

தோல் நாற்றம் தாங்கவில்லை என்று ஷிப்ட் முடிந்ததும் குடிப்பார். ஆண்டுக்கணக்கான பழக்கம். ஆனால் வலித்ததே இல்லையாம். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் வேலை பார்த்திருக்கிறது அந்த உறுப்பு. எனக்கு மனுஷன் மேல் கோபமும் கல்லீரல் மேல் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

"ஈரலு தோலு மாதிரி வெறச்சுப் போச்சா டாக்டர்?" என்று சேகர் கேட்டார்.

"இறுக ஆரம்பிச்சிருக்கு. முழுசாத் தழும்பாகலை. குடியை அடியோட விட்டா நிறையவே தேறிடும். திரும்பத் தொட்டா எங்க கையில இல்ல" என்றார் டாக்டர்.

அவர் நகர்ந்ததும் சேகர் என் கையைப் பிடித்தார். "செத்துடுவனா?"

"இனிமே குடிச்சா நானே கொன்னுடுவேன். இப்ப தூங்குங்க."

குடியை நிறுத்தியதும் கை கால் நடுக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தே பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காகக் குடித்த யாரும் வீட்டில் தனியாக நிறுத்த முயல வேண்டாம். காமாலைக்கு நாட்டு மருந்து வாங்கித் தருவதாகச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மறுத்துவிட்டேன். என்னவென்று தெரியாத மருந்தையும் அதே கல்லீரல்தானே சுமக்க வேண்டும்?

மஞ்சள் மெல்ல வடிந்தது. அடுத்த சோதனையில் இறுக்கம் குறைந்திருந்தது. நாங்கள் சண்டை போட்டபோதும் தூங்கியபோதும் அந்தக் கல்லீரல் உள்ளே தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரமித்துப் போனேன். இப்போது எனக்குப் பொழுது சாய்வது என்றால் அவர் கண்ணைப் பார்க்கும் நேரம்.

போன வாரம் வேலை முடிந்து வாசலில் நின்றார். உள்ளங்கை இரண்டும் மஞ்சள். ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். அவரே வெளிச்சத்துக்கு வந்து கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

"பாத்துக்க."

வெள்ளை.

எண்ணெய் எடுத்து வந்து தேய்த்தேன். இந்த முறை மஞ்சள் கரைந்து என் கைக்கு வந்தது.