பொருத்தனைப் பிள்ளைகள்

சித்தூர்–திருப்பதி பேருந்தில் கண்டக்டராக இருக்கும் சாந்தகுமாருக்கு வாரம் ஆறு நாள் டிக்கெட், ஒரு நாள் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மாலை, சித்தூரின் பழைய தமிழ்ச் சபையில் ஜெபம் முடிந்ததும் முன்பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவார்கள். டம்ளர்களில் டீ வரும். யாருக்கு என்ன சந்தேகமோ கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர் சாந்தகுமார்.

ஆதாம் ஏவாளின் மகன் காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள் என்று ஒருவர் கேட்பார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேர் எப்படி ஒருவராக இருக்க முடியும் என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது கேட்பார்கள். ஒருமுறை சத்தியவேட்டிலிருந்து வாழ வந்த ஸ்வர்ணலதா, "எங்கண்ணன் தெனம் சாமி கும்புடறவரு. பசின்னு யாரு வந்தாலும் சோறு போடுவாரு. அவரு செத்தா எங்க போவாரு?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தகுமார், "அந்தக் கணக்கு நம்ம கையில இல்லம்மா. யாரு கையில இருக்குதோ அவரு நல்லவரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார். அன்று ஸ்வர்ணலதா இரண்டாவது டம்ளர் டீ வாங்கிக் குடித்தாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அடுத்த ஞாயிறு விசாரித்து வந்து சொல்வார். அதனால்தான் சபைக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் அவர் எதற்காக இதைச் செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவர் வயிற்றில் இருந்தபோது அம்மா, "இது தங்கினால் உமக்கே" என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிக்கொண்டாள். வாக்குக் கொடுத்தபடியே, பள்ளி முடிந்ததும் அவரை இறையியல் படிக்க அனுப்பினாள். பிரசங்க மேடையில் நின்றால் அவருக்கு வாய் கட்டிக்கொள்ளும். வருடம் முடிவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா திட்டவில்லை. சுடச்சுடச் சோறு போட்டாள், பிறகு வேலைக்குப் போனபோது காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஜெபத்தில் மட்டும், "குடுத்தத திரும்ப எடுத்துக்கினு வந்துட்டோமே" என்று அழுவாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குரல் போகவில்லை. தான் திருட்டுச் சொத்து என்ற எண்ணம் அவருக்குள் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள் அந்த முள்ளுக்கு அவர் போட்டுக்கொண்ட மருந்து.

இந்த வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிறு, பெயிண்டர் அனிலின் மகள் ஜெமிமா எழுந்து நின்றாள். அப்போதுதான் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்திருந்தாள்.

"அங்கிள், யெப்தா பொண்ண ஆண்டவர் ஏன் காப்பாத்தல?"

வேதாகமத்தில் நியாயாதிபதிகள் காலத்துக் கதை அது. யெப்தா என்ற படைத்தலைவன், போரில் ஜெயித்து வந்தால் தன் வீட்டு வாசலில் முதலில் எதிரே வருவதைத் தகனபலியாகக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை பண்ணினான். ஜெயித்தான். எதிரே தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். அவள் இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழிகளோடு மலைக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா சொன்னபடி செய்தான்.

சாந்தகுமார் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னார். "அவள பலி குடுக்கலன்னும் சில பேரு சொல்றாங்கம்மா. கல்யாணம் இல்லாம ஆண்டவரு வேலைக்கே விட்டுட்டான்னு அர்த்தம் பண்றாங்க."

"அப்போ உசுரு போகல, வாழ்க்கை மட்டும் போச்சு. அது பரவால்லயா அங்கிள்?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அனில் தரையைப் பார்த்தார். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். ஜெமிமா கைக்குழந்தையாக இருந்தபோது நுரையீரலில் சளி கட்டி, மூச்சு நின்று நின்று வந்தது. பிழைத்தால் ஆண்டவர் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அனில் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டார். இப்போது வேதாகமப் பயிற்சி இல்லம் ஒன்றில் அவளுக்கு இடம் பேசி முடித்துவிட்டார். ஜெமிமாவுக்கோ திருப்பதியில் வேளாண்மை படிக்க இடம் கிடைத்திருந்தது. இரண்டிலும் சேர வேண்டியது ஒரே சமயத்தில், ஜூன் முதல் வாரம்.

வெளியே வந்ததும் அனில் சாந்தகுமாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அவளுக்கு ஒரு பதில சொல்லிடு. நீ சொன்னா கேட்டுக்கினு போயிடுவா. பொருத்தன பண்ணிட்டு செலுத்தாதவன் மூடன்னு வேதத்துலயே கீது. எனக்கு பயம்ணா. நான் குடுக்காம வெச்சுக்கினா, அவரே எடுத்துக்கினா இன்னா பண்றது?"

அந்தப் பயம் சாந்தகுமாருக்குப் புதிதில்லை. அவருடைய அம்மாவும் அதே பயத்தோடுதான் செத்துப்போனாள். "அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் மீதிச் சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்தார். சந்திரகிரியில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் புருஷோத்தமன் கேட்டே விட்டார். "இன்னாப்பா, யேசுசாமிகிட்ட சண்டயா?"

சாந்தகுமார் விஷயத்தைச் சொன்னார். மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை தன் வழுவழுத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

புருஷோத்தமன் டீயை ஊதினார். "எம்புள்ள எப்படிப் பொறந்தான்னு சொல்லியிருக்கேனா? ஏழு வருஷம் இல்லாம இருந்து பொறந்தான். எங்க வூட்டுல அவசரப்பட்டு, பொறந்தா உனக்கேன்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டா. பொறந்தப்புறம் அழுவுறா. அப்புறம் பெரியவங்க சொன்னாங்க, துலாபாரம் குடுத்துடுன்னு. தராசுல ஒரு பக்கம் புள்ளய வெச்சு, இன்னொரு பக்கம் கற்கண்டு. சரியா நின்னுச்சு. கற்கண்ட சாமிக்குக் குடுத்துட்டு புள்ளய வூட்டுக்குத் தூக்கிக்கினு வந்துட்டோம். சாமி புள்ளய வெச்சுக்கினு இன்னா பண்ணும்? பீ மூத்திரம் அள்ளுமா?"

"உங்க சாமி சரின்னுச்சா?"

"எங்க சாமி எப்பவோ சரின்னுட்டாரு. ஒங்காளுகிட்ட இதுமாதிரி ஒண்ணும் இல்லயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்த சாந்தகுமாருக்கு எங்கோ எதையோ படித்த ஞாபகம் வந்தது. சித்தூர் போய்த் திரும்பியபோது, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்கு நேரம் இருந்தது. வெயிலில் செல்போன் திரை சரியாகத் தெரியவில்லை. ஒரு தூணின் நிழலில் நின்று வேதாகமத்தில் லேவியராகமத்தைத் திறந்தார். பலிகளும் சட்டங்களும் நிறைந்த புத்தகம். அதன் கடைசி அதிகாரத்துக்கு வருவதற்குள் படிப்பவர்கள் களைத்துப் போவார்கள். அவரும் ஒவ்வொரு வருடமும் அதை வேகமாகத் தாண்டியவர்தான்.

அங்கே இருந்தது. ஒரு மனிதரைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால், அவருக்கு ஒரு மதிப்புப் போட்டு, அந்த மதிப்பைச் செலுத்தலாம். கொடுக்க முடியாத ஏழை என்றால், கோயில் குருவான ஆசாரியன் அவனை முன்னால் நிறுத்தி, அவனுடைய சக்திக்குத் தகுந்தபடி மதிப்பிட வேண்டும்.

அவர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார். பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏமய்யா, ஏடுஸ்துன்னாவு?" என்று தெலுங்கில் கேட்ட பிறகுதான், அழுதுகொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது.

மறுநாள் போதகர் தமிழரசுவிடம் காட்டினார். போதகர் சின்ன வயசுக்காரர், படித்தவர். இரண்டு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். "சரிதான் அண்ணே. ஆனா அதே அதிகாரத்துல, சாபத்தீடா, அதாவது அழிக்கறதுக்குன்னே, நேர்ந்ததை மீட்க முடியாதுன்னும் வருது. அதையும் சொல்லிடுங்க. மறைச்சா நாளைக்கு யாராவது கண்டுபிடிப்பாங்க."

ஞாயிறு வந்தது. சாந்தகுமார் இரண்டையும் வாசித்தார். மீட்க முடியாது என்ற வசனம் கஷ்டமானது என்றும், அது தண்டனைக்கென்று ஒதுக்கினதைப் பற்றியது என்று போதகர் சொல்வதாகவும், தனக்கு அது முழுதாக விளங்கவில்லை என்றும் சொன்னார். பிறகு ஜெமிமாவைப் பார்த்தார்.

"யெப்தாவ ஆண்டவரு அப்படி நேரச் சொல்லவேயில்லம்மா. செஞ்சது நல்லதுன்னும் எங்கயும் எழுதல. கேக்கறதுக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. ஆசாரியன் இருந்தான், சட்டம் இருந்துச்சு. வேற வழி உண்டான்னு யாராச்சும் போயி கேட்ட மாதிரி அதுல இல்ல. அந்தப் பொண்ணு மலையில அழுதுக்கினு இருந்தா, ஊரு பாத்துக்கினு இருந்துச்சு. ஆண்டவரு ஏன் காப்பாத்தலன்னு கேட்டே. எனக்குத் தெரியல. ஆனா, நீங்க ஏன்டா காப்பாத்தலன்னு அவரு நம்மளக் கேட்டா, அதுக்கும் நம்மகிட்ட பதில் இல்ல."

அனில் எழுந்தார். "அண்ணா, இது ஆண்டவர ஏமாத்தறது இல்லயா? சொன்னது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணு."

"அவரே தொறந்து வெச்ச கதவு அனில். நீ சுவரு ஏறிக் குதிக்கல."

போதகர் குறுக்கே வந்தார். "அனில், சக்திக்குத் தகுந்தபடி நான்தான் மதிப்புப் போடணும்னு எழுதியிருக்கு. நம்ம காம்பவுண்டு சுவர் பெயிண்ட் உரிஞ்சு பாம்பு சட்ட மாதிரி தொங்குது. உங்களுக்குத் தெரிஞ்ச வேலதானே?"

ஸ்வர்ணலதாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அனில் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஜெமிமா போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஆண்டவரு வேணாம்னு சொல்லல நைனா. நீ குடுத்தா நான் பொருளு. நானா குடுத்தாதான் நான்."

"சரிம்மா" என்றார் அனில் துண்டுக்குள்ளிருந்து. "சரி, போ. படி."

கூட்டம் கலைந்த பிறகு சாந்தகுமார் போதகரிடம் தயங்கித் தயங்கிப் போனார். "அய்யா, எங்கம்மாவும் எம்மேல ஒரு பொருத்தன பண்ணாங்க" என்று ஆரம்பித்து, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடித்தார்.

போதகர் ஜன்னல் வழியாகக் காம்பவுண்டு சுவரைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"கத்துக்குங்க."

அந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, சாந்தகுமார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றார். அனில் ஒரு பக்கம், ஜெமிமா ஒரு பக்கம். "அண்ணா, டிக்கெட் கிழிக்கற மாதிரி இழுக்காத. மேலேர்ந்து கீழ, ஒரே கை" என்று அனில் அதட்டினார். கொஞ்ச நேரத்தில், "இது சுவரா, வரிக்குதிரையா?" என்று கேட்டு, அவரே ரோலரை எடுத்து மேலே இன்னொரு கை போட்டார். அனில் இப்படிச் சத்தமாகப் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

சாந்தகுமாரின் மனம் லேசாக இருந்தது. அம்மாவை நினைத்தார். அவளுக்கு இதை எடுத்துச் சொல்ல அன்று யாருமில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் மூன்றாவதைக் காப்பாற்றக் கையில் இருந்த ஒரே பொருளை நீட்டியிருக்கிறாள். அந்தப் பொருள் இவர்தான். அத்தனை ஆசையாக வேண்டப்பட்ட பிள்ளையா நான் என்று முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. புருஷோத்தமனையும் அவர் பெண்டாட்டியையும் அந்தக் கற்கண்டையும் நினைத்து மனதுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

"அங்கிள்" என்றாள் ஜெமிமா, ரோலரை நிறுத்தாமல். "அந்தக் கடைசி அதிகாரத்த வூட்டுல படிச்சேன். ஆம்பளைக்கு ஒரு மதிப்பு, பொம்பளைக்கு அதவிடக் கம்மியாம். ஏன்?"

அவருடைய பிரஷ் பாதிச் சுவரில் நின்றது. அனில் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்லுண்ணா, சொல்லு."

"தெரியலம்மா" என்றார் சாந்தகுமார். "விசாரிச்சு அடுத்த ஞாயிறு சொல்றேன்."

"அடுத்த ஞாயிறு நான் திருப்பதி ஹாஸ்டல்ல இருப்பேன்."

"எங்க வண்டி தெனம் திருப்பதிக்குத்தான் வருது. பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்று சொல்லிவிட்டு, மேலேயிருந்து கீழே, ஒரே கையாக இழுத்தார்.