மேல்மாடி மணி

அலுவலகத்தில் அவரை ‘ஹெடர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும்போது முகவரி எந்த வடிவில் வரும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று புரோகிராமுக்குச் சொல்லும் சின்னச் சின்னக் கோப்புகள்தாம் ஹெடர்கள். முதியோர் விடுதிகளில் கட்டிலோரப் பொத்தானை அமுக்கினால் நர்ஸ் அறையில் மணி அடிக்கவைக்கும் புரோகிராம் அவருடைய கைவேலை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

புது மெஷின்கள் வந்தன. பழைய புரோகிராம் அவற்றில் ஓடுவேனா என்றது. ஹெடர்களைப் புதுப்பித்து, அவற்றை நம்பியிருந்த வரிகளையும் மாற்ற வேண்டும். தெரியவில்லை என்று சின்னவர்களிடம் கேட்கக் கௌரவம் விடுமா? மனிதர் பழைய மெஷினிலிருந்த ஹெடர்களை அப்படியே அள்ளிப் புரோகிராமின் ஃபோல்டரில் போட்டுவிட்டார். திரை நிறைய இருந்த பிழைகள் போன இடம் தெரியவில்லை. சோதனை மேஜையில் மணி கணீரென்று அடித்தது.

“எல்லாத்தையும் மாத்தியாச்சாண்ணே?” என்று மேலாளர் கேட்டாள்.

“அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுதும்மா.”

அந்தப் புரோகிராம் போன ஒரு முதியோர் விடுதியில், மேல்மாடிக்கு மட்டும் புதுவகை நீள முகவரிகள் கொடுத்திருந்தார்கள். பழைய ஹெடரில் அவற்றுக்கு இடம் போதாது. வால் அறுந்த முகவரியோடு வந்த அழைப்பை நர்ஸ் அறை கண்டுகொள்ளவே இல்லை.

இடுப்பெலும்பு முறிந்த அவருடைய அக்கா அந்த மேல்மாடியில்தான் இருந்தாள். அவர் பார்க்கப் போனபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“படுக்கையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன்டா. ஏன் மணி அடிக்கலன்னு நர்ஸ் கேக்கறா. அடிச்சேன்னுதான் நெனச்சேன். புத்தி தடுமாறுது போல. யார்கிட்டயும் சொல்லிடாத, மானமே போயிரும்.”

அவர் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். யாரும் வரவில்லை. மேல்மாடி, புது முகவரி என்று அப்போதுதான் உறைத்தது. கூனிக் குறுகிப்போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவே பழியைச் சுமந்துகொள்வாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்ததே, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

“பாரு, ஒனக்கும் அமுக்கத் தெரியல,” என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

“நீ சரியாத்தான் அமுக்கினக்கா. நான்தான் வேலைய ஒழுங்கா செய்யாம, செஞ்சேன்னு பொய் சொல்லிட்டேன்.”

அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அப்போ, எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு இத்தனை நாளா அழுதேனேடா?”

அவர் குனிந்த தலை நிமிராமலே, அவள் காதுபட மேலாளருக்கு ஃபோன் போட்டார்.