மூன்றாவது செபஸ்தியாரின் அம்புகள்

1. பெரிய வெள்ளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, பெரியப்பா தவக்கால வழக்கப்படி எங்கள் கோயிலிலிருந்த சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடினார். அன்றைக்கே தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கியது.
2. திங்கட்கிழமை தம்பியை ஆஸ்பத்திரியில் தங்கச் சொல்லி மறித்துவிட்டார்கள். டெங்கு.
3. புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, மூன்றாவது செபஸ்தியாரின் உடம்பிலிருந்து ஏழு அம்புகளையும் நான் கழற்றினேன்.
4. புதன்கிழமை பின்னேரம் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது.
5. வியாழக்கிழமை காலை அம்புகள் இல்லாததைப் பெரியப்பா கண்டார்.
6. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா தன் பொறுப்பில் கையெழுத்து வைத்துத் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

ஆறாவது நடந்தது ஐந்தாவதால். ஐந்தாவது நடந்தது மூன்றாவதால். நான்காவது எதனால் நடந்தது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் பெரியப்பா இருந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோயிலைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். அம்மா தம்பியோடு ஆஸ்பத்திரி வாட்டில் தங்கிவிட்டதால், அப்பா வேலையால் வரும்வரை நான் பெரியப்பாவோடு கோயிலில் இருந்தேன். அவர் பூச்சாடிகளைக் கழுவுவார். நான் கொப்பியில் பட்டியல் எழுதுவேன். சனம் இருக்கும் வாங்கு எத்தனை, எத்தனை மின்விசிறி, அதில் எத்தனை ஓடுவதில்லை. அந்த ஆண்டு தொடக்கத்தில், சும்மா அவரோடு போன நாட்களில், எழுதிய பட்டியல்களில் ஒன்று செபஸ்தியார்களைப் பற்றியது.

கிறிஸ்தவரானதற்காக அம்பெய்யப்பட்ட உரோமைப் போர்வீரர் அர்ச்சிஷ்ட செபஸ்தியார். ஒரே கோயிலில் மூன்று செபஸ்தியார்கள் இருந்தார்கள். முதலாவது மரம். ஒரு முழ உயரம், கண்ணாடிப் பெட்டிக்குள். போர்த்துக்கேயர் காலத்தது என்று பெரியப்பா சொல்வார். அதைச் செதுக்கியவர் உரோமைப் போர்வீரன் எவனையும் கண்டவரல்ல. நீண்ட காதும் தடித்த உதடுமாக, தன் ஊரில் கண்ட ஒருவனையே செதுக்கியிருந்தார். அம்புகள் எப்போதோ தொலைந்து மூன்று துளைகள் மட்டும் மிச்சம். சனம் முத்தமிட்டு முத்தமிட்டு மூக்குத் தேய்ந்துவிட்டது. ஆனாலும் அவர் சிரித்துக்கொண்டு நேராக நின்றார்.

இரண்டாவது பிளாஸ்டர். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலில் வந்தது. வெண்ணெய் நிற உடம்பு ஒரு மரத்தில் சாய்ந்திருக்கும். இரண்டே அம்புகள், அவையும் யாரோ சும்மா செருகிவிட்டுப் போனதுபோல. இமை பாதி மூடி, கருமணி மேலே போய், வெளுத்த உதடு சற்றே திறந்திருக்கும். மெழுகுதிரி அவருக்கு முன்னால்தான் அதிகம் எரியும். என் கொப்பியில் அவருக்கு நேரே ‘நித்திரை வருகிறது’ என்று எழுதியிருந்தேன்.

மூன்றாவது ஃபைபர். கனடாவிலிருக்கும் ஒரு குடும்பம் செய்வித்துக் கொடுத்தது. ஆளுயரம். அந்தச் சிற்பி ஜிம்முக்குப் போகிறவர்களைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். நெஞ்சு புடைத்திருக்கும், கழுத்து நரம்பு தெறித்து நிற்கும், உடம்பெல்லாம் ஏழு அம்புகள். எங்கே நின்றாலும் கண் நம்மையே பார்க்கும். திருநாளன்று சுரூபத்தைத் தெருவால் கொண்டுபோகும்போது லைட் வயர்களில் சிக்காதபடி அம்புகளைக் கழற்றிப் பூட்டலாம்.

இப்போது யோசித்தால், மூன்று சிற்பிகளுக்கும் வீரம் ஒன்றல்ல என்பது விளங்குகிறது. முதலாமவருக்கு அது அசையாமல் நிற்பது. இரண்டாமவருக்கு வலியைக் கீழே விட்டு மேலே போய்விடுவது. மூன்றாமவருக்கு வலி தந்தவனை முறைத்துப் பார்ப்பது. ஒன்பது வயதில் எனக்கு இருந்த கேள்வி வேறு: இவர்களில் யார் உண்மையானவர்?

செவ்வாய்க்கிழமை அதற்கு விடை கிடைத்தது. பார்வையாளர் நேரத்தில் அப்பா என்னை வாட்டுக்குக் கூட்டிப்போனார். தம்பியின் கையில் நரம்பு அகப்படவில்லை. தாதி ஒரு கையில் குத்தி, மறு கையில் குத்தி, திரும்பவும் குத்தினார். அவன் அழவில்லை. கழுத்து நரம்பு புடைக்க என்னையே பார்த்தான்.

“அக்காவை முறைக்கிறான் பாருங்கோ,” என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள்.

வெளியே வரும்போது அப்பா யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: “செபஸ்தியார் மாதிரிக் குத்து வாங்குறான் என்ர பிள்ளை.”

ஆகவே உண்மையானவர் மூன்றாமவர். அம்புகள் கழன்றால் ஊசிகளும் நிற்கும்.

மூடிய சுரூபங்களோடு தனியே இருந்தவர்களுக்குத்தான் ஒரு விஷயம் தெரியும். முகம் இருக்கும்போது அவை சுரூபங்கள். முகத்தை மூடிவிட்டால், துணிக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். மின்விசிறி சுற்றும்போது துணி மெல்ல உள்ளே போய் வெளியே வரும். மூன்றாவது செபஸ்தியாரின் துணி மட்டும் அசையாது. ஏழு இடங்களில் அம்புகள் அதைக் கூடாரம்போலத் தூக்கி வைத்திருந்தன.

புதன்கிழமை பெரியப்பா பின்பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனபோது, நான் செபஸ்தியார் நின்ற பீடத்தில் ஏறித் துணியின் கரையைத் தூக்கி உள்ளே புகுந்தேன். ஊதா வெளிச்சம். பெயின்ற் மணமும் கற்பூர உருண்டை மணமும். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கைகளால் தேடினேன். ஒவ்வொரு அம்பும் கழலும்போது உள்ளே வெற்றுடம்பு ‘ஹ்’ என்று சின்னதாக ஒரு சத்தம் போட்டது. ஏழையும் பள்ளிப் பையில் வைத்த பிறகு, விலாவிலிருந்த துளையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஏன் விட்டேனோ தெரியாது. விரல் ஈரமாக வெளியே வந்தது.

கட்டடச் சுவர்களுக்குள் ஈரம் எங்கே நிற்கிறது என்று தேடுவதுதான் இன்று என் தொழில். உள்ளே வெறுமையாக வார்த்த எதிலும், கொழும்புக் காற்று புகுந்தால், நீர் கோக்கும். அதில் அதிசயமில்லை. அன்று நான் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த இடத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் அம்மா வாட்டிலிருந்து போன் எடுத்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம். அப்பா நின்ற இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டார். நான் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்த பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். பயமும் பெருமையும் சம அளவில் இருந்தன.

மறுநாள் காலைப் பூசைக்குக் கதவைத் திறந்த பெரியப்பா அப்படியே நின்றார். முதல் நாள் விளக்கணைத்துப் பூட்டியபோது அவர் கவனித்திருக்கவில்லை; மூன்றாவது செபஸ்தியாரின் துணி நேரே கீழே தொங்கியது. அவர் துணிக்குள் கையை விட்டுத் தடவினார். நிலத்தில் தேடினார். பிறகு வெளியே வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

“டேய், ஏழும் இல்லையடா. நான் பூட்டினனான், நானே திறந்தனான். செபஸ்தியார் அம்பைக் கழட்டிப் போட்டார். இது புதுமையடா, அற்புதம்.”

“டொக்டர் இன்னும் ரெண்டு நாள் வைச்சுப் பாக்கவேணும் எண்டு நிக்கிறார் அண்ணை. இனித்தானாம் கவனம்.”

“காய்ச்சல் விட்ட பிள்ளையில இனி என்ன கவனம்? அர்ச்சிஷ்டவர் விட்டிட்டார், டொக்டர் விடமாட்டாராமோ?”

போன் சத்தமாக இருந்ததால் பூசைக்கு வந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் நானும் நின்றேன். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். பெரியப்பா அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் கண்டதில்லை.

தம்பி வீட்டுக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. அன்று யாரும் என்னைப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கவில்லை. அம்மா மட்டும் திரும்பத் திரும்ப அப்பாவிடம் சொன்னாள்: “பிள்ளை ஒண்டும் குடிக்கிறானில்லை. வயித்துக்க நோகுது எண்டவன்.” அப்பா, “களைச்சுப்போனானப்பா. படுக்க விடு,” என்றார். ஊசி கழற்றிய இடத்தில் வைத்த பஞ்சை அம்மா இரண்டு தரம் மாற்றினாள். இரண்டும் சிவந்தன.

பக்கத்து வீட்டு அன்ரி தம்பியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, “எங்கட மனுசனுக்கும் ஒரு அம்பு கழண்டா நல்லம், குடியை விடுவார்,” என்றார். “அவருக்கு ஏழு காணாது,” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா தலைமாட்டில் நின்று செபஸ்தியாரின் கதை சொன்னார்.

“அம்பால அவர் சாகேல்ல. ஒரு விதவை மனுசி அவரைத் தூக்கிக்கொண்டு போய், அம்பெல்லாம் கழட்டி, மருந்து போட்டு எழுப்பினவ.”

அதற்கு அடுத்த பக்கம் என் மறைக்கல்விப் புத்தகத்தில் இருந்தது. எழும்பி நடந்தவரைத் திரும்பப் பிடித்து அடித்துக் கொன்றார்கள். அம்பு கழன்றதற்குப் பிறகுதான் அவர் செத்தார். பெரியப்பாவுக்கு அது தெரியும். அன்று அவருக்கு அந்தப் பக்கம் தேவைப்படவில்லை.

நான் தம்பியைப் பார்த்தேன். இமை பாதி மூடியிருந்தது. கருமணி மேலே போயிருந்தது. உதடு வெளுத்து, சற்றே திறந்திருந்தது. வெண்ணெய் நிறம்.

“என்ன அமைதி, சுரூபம் மாதிரி,” என்று யாரோ சொன்னார்கள்.

எந்தச் சுரூபம் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை முறைத்தவன் இவனல்ல. இவன் இரண்டாமவர். நான் மூன்றாமவரிடம் அம்பைக் கழற்றினேன், தம்பி இரண்டாமவர் ஆகிவிட்டான். பாதத்தைத் தொட்டேன். பிளாஸ்டரைப்போலக் குளிர்ந்து ஈரமாக இருந்தது.

கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போய்ப் பையை இழுத்து, அம்புகளைத் தம்பியின் காலடியில் கொட்டினேன்.

“நான்தான் கழட்டினனான். அவன் சாகப்போறான். கால் குளிருது.”

பெரியப்பா அம்புகளைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா இரண்டையும் பார்க்கவில்லை. தம்பியின் காலைத் தொட்டாள், பிறகு நெற்றியை, பிறகு திரும்பவும் காலை. அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“ஓட்டோ மறியுங்கோ,” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒழுங்கை முனையில் நின்ற சாரதி சிங்களவர். அப்பா அரைகுறைச் சிங்களத்தில் எதையோ சொல்லத் தொடங்க, அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “நகின்ன, நகின்ன,” என்று ஏறச் சொன்னார். அம்மா ஏறினாள், அப்பா ஏறினார். என்னை ஏற்றவில்லை. வந்த பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் பெரியப்பாவும் நானும் ஏழு அம்புகளும் மிஞ்சினோம். அவர் என்னைத் திட்டவில்லை. அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு துவாயில் சுற்றினார். ஏழும் இருக்கிறதா என்று மூன்று தரம் எண்ணினார்.

தம்பி பிழைத்தான். இன்னும் அரை நாள் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கிய வசனத்தை அப்பா முடிக்க விடவில்லையாம். உயிர்த்த ஞாயிறுப் பூசைக்காகத் துணிகளை எடுத்தபோது மூன்றாவது செபஸ்தியாரில் அம்புகள் பழையபடி இருந்தன. அதையும் புதுமை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பெரியப்பா மறுக்கவில்லை.

அம்பைக் கழற்றியதால் காய்ச்சல் விட்டது என்று முதலில் நினைத்தேன். அம்பைக் கழற்றியதால் இரத்தம் நிற்கவில்லை என்று பிறகு பல வருடம் நினைத்தேன். கம்பஸில் படிக்கும்போது, விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு டெங்கு அறிவித்தலை வாசித்தேன். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அதில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. டொக்டர் அப்பாவிடம் சொன்னதும் அதைத்தான்.

அந்த வருடத்திலிருந்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்பா முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். “நீ ஒருக்கா வந்து முகத்தைப் பார்,” என்பார். செய்த குற்றத்தை மறக்கவிடாமல் என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். தானே கையெழுத்து வைத்துக் கூட்டிவந்ததால், தன் கண்ணை அவர் அதற்குப் பிறகு நம்பவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

தம்பிக்கு இப்போது இருபத்திரண்டு வயது, தெஹிவளையில் வேலை செய்கிறான். பெரியப்பா இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறார், கோயில் திறப்புக் கொத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவரும் அப்பாவும் இதுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.