குச்சி பிடித்த சின்னண்ணன்

நாமக்கல் இசை விநோத சபையில் சின்னண்ணனுக்கு இடம் கிடைத்தது சங்கீதத்தால் அல்ல, ஜமுக்காளத்தால். ஊரில் பதினாறு நீள ஜமுக்காளம் வைத்திருந்த குடும்பம் அவருடையது ஒன்றுதான். கல்யாணமோ கருமாதியோ கச்சேரியோ, அவருடைய மாட்டு வண்டியில் அவை வந்து இறங்கும். வண்டியோடு அவரும் வருவார். வந்த மனிதரைச் சும்மா நிற்க வைத்தால் நன்றாக இராது என்று 1934-இல் நிர்வாகக் குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள். இதை வேறு யாரும் புறம் பேச வேண்டியிருக்கவில்லை. அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஊருக்கு மேற்கே மூன்று மைலில் அவருக்குக் கிணற்றுப் பாசனத் தோட்டம். நிலக்கடலை, சோளம், வேலியோரம் நாலைந்து புளியமரம். குரல் வெண்கலம். வரப்பில் நின்று கூப்பிட்டால் மூன்று காடு தாண்டி ஆள் திரும்பிப் பார்ப்பான். ஆனால் அந்தக் குரலைப் பாட்டாக்க மட்டும் முடியவில்லை. மார்கழி பஜனையில் அவரை வாயசைக்க மாத்திரம் அனுமதித்திருந்தார்கள். "நான் பாடாம இருக்கறதுதானுங்க கோஷ்டிக்கு நாஞ் செய்யற ஒத்தாசை" என்பார்.

இப்படிப்பட்டவர் 1937 ஐப்பசியில் தாய்மாமனுக்குக் கண் வைத்தியம் பார்க்கச் சென்னைப் பட்டணம் போனார். மாமன் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த ஒரு சாயங்காலம், பொழுது போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தார். அங்கே ஒரு பெரிய கூடாரத்தின் அடியில் நாற்பது வெள்ளைக்காரர்கள் கறுப்புக் கோட்டுப் போட்டு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். வயலின் மட்டும் இருபது இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு வயலினை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் வேலிக்கு வெளியே, ஐஸ் விற்கிறவர்களோடு நின்று கேட்டார்.

அவர் கண்ணைக் கவர்ந்தது வயலின் அல்ல. எல்லோருக்கும் முன்னால், ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் பெட்டி மேல் நின்றார். கையில் ஒரு சிறு குச்சி. அவர் ஊதவில்லை, தட்டவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. குச்சியை ஆட்டினார், அவ்வளவுதான். முடிந்ததும் கைதட்டல் முழுவதையும் அவரே குனிந்து வாங்கிக்கொண்டார். 'முப்பத்தெட்டு வயசுல நமக்குத் தோதான சங்கீத வேலை ஒண்ணு இப்பத்தான் கண்ணுல படுது' என்று சின்னண்ணன் நினைத்துக்கொண்டார்.

வாசலில் வருகிற சீசனுக்கான நோட்டீஸ் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. நாலாக மடித்து மடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூட வாத்தியார் கைலாசம் ஐயரிடம் நீட்டினார். சபையில் வயலின் வாசிப்பவர் அவர்தான்.

"டிசம்பரிலேர்ந்து மார்ச் வரைக்கும் ஆறு கச்சேரின்னு போட்டிருக்கு. என்ன வாசிக்கப் போறான்னு இப்பவே அச்சடிச்சிருக்கா" என்றார் கைலாசம். "கண்டக்டர் பேர்கூடப் போட்டிருக்கு."

"பஸ்ஸுக்குங்களா?"

"குச்சி பிடிக்கிறவருக்கு அதுதான் பேரு, கவுண்டரே."

அந்த வருஷம் மாசி, பங்குனிக் கச்சேரிகளுக்காகக் குழு கூடியபோது சின்னண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தார். நாமும் ஆறு கச்சேரி வைக்கலாம், இப்போதே நோட்டீஸ் போடலாம், முதல் கச்சேரி பட்டணத்தில் நடந்த மாதிரி எல்லா வாத்தியமும் சேர்ந்து வாசிக்கிற கச்சேரியாக இருக்கட்டும் என்றார். ஜமுக்காளம் பேசியதைக் கேட்டது போல எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் மற்ற ஐந்துக்கும் ஏற்கெனவே கேட்ட வித்துவான்களே வருவதாக இருந்ததால், புதிதாக ஏதாவது வேண்டும் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். மஞ்சள் தாளில் நோட்டீஸ் அடித்துச் சந்தையிலெல்லாம் கொடுத்தார்கள். 'பதினொரு வித்துவான்கள் ஒருங்கே வாசிக்கும் கூட்டு வாத்தியம்' என்று முதல் வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான், அந்தப் பதினொரு பேரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டுமே என்ற நினைப்பு சின்னண்ணனுக்கு வந்தது.

முதல் ஒத்திகை அவருடைய கடலைக் கொட்டகையில். வயலினோடு கைலாசம் வந்தார். கோயில் நாயனக்காரர் தங்கசாமி தவில்காரரோடு வந்தார். சேலத்து பேண்டு கோஷ்டியிலிருந்து கிளாரினெட்டோடு ராசு வந்தார். ஆர்மோனியம், புல்லாங்குழல், மிருதங்கம், கடம் எல்லாம் வந்தன. வந்த கால் மணி நேரத்தில், மேடையில் நடுவே உட்காருவது யார் என்ற பேச்சு எழுந்தது. வயலின்தான் என்றார்கள் சிலர். ஆர்மோனியக்காரர், நாடகக் கொட்டகையில் தாம்தான் எப்போதும் நடு என்றார். அதற்குள் தங்கசாமி சும்மா ஒரு பிடி ஊதிப் பார்த்தார். கொட்டகையில் வேறு எதுவும் கேட்கவில்லை.

சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது சின்னண்ணனுக்குத் தெரிந்த ஒரே சங்கீத சாஸ்திரம். அதைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தார்.

"ஒண்ணு செய்யலாமுங்க. நாயனமும் தவிலும் மேடைக்குக் கீழ, அம்பது அடி தள்ளிக் கொளத்துக் கரையில நிக்கட்டும். இங்க எல்லாம் சமமாக் கேக்கும்."

தங்கசாமி நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டார். "கீழ நிக்கறதுக்கு எனக்குக் கோயில் வாசலே இருக்குங்க. அதுக்குச் சபை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தவில்காரரும் பின்னாலேயே போனார்.

சின்னண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி சௌந்திரம் என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"ஏனுங்க, நீங்க பாட்டுலதான் தப்புப் பண்ணுவீங்கனு நெனச்சிருந்தேன். பேச்சுலயும் பண்ணுவீங்களா?"

"அதுல நான் இன்னும் கெட்டிக்காரன், அம்முணி."

மறுநாள் காலையில் அவர் தங்கசாமியின் வீட்டுக்குப் போனார். தங்கசாமி நாயனத்தின் வாயில் செருகும் சீவாளிகளைத் தேர்ந்துகொண்டிருந்தார். "வாங்க கவுண்டரே" என்று பாயை எடுத்துப் போட்டார். சின்னண்ணன் உட்காரவில்லை.

"நேத்து நாஞ் சொன்னது தப்புங்க. சத்தத்தப் பத்தி நெனச்சேன். ஆளப் பத்தி நெனக்கல."

"நீங்க சத்தத்துக்குத்தான் சொன்னீங்கனு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொல்லித்தானுங்க எங்களை வெளியவே நிறுத்தறாங்க. ஒருத்தருக்குச் சத்தம். ஒருத்தருக்கு எடம் பத்தல. ஒருத்தருக்கு வழக்கமில்ல. கடைசியில நிக்கற எடம் ஒண்ணுதான்."

சின்னண்ணன் தலையாட்டினார். "ஆமாங்க. நானும் அதையேதான் சொல்லிப்போட்டேன்" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து, "மேல, கீழனு ஒண்ணு இருந்தாத்தானுங்க இந்தத் தொல்லை. மேடையே வேண்டாம். பதினொரு பேரும் தரையில ஒரே ஜமுக்காளத்துல உக்காரட்டும். நீங்க வராட்டிப் போனா நான் நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டு ஊட்ல கெடக்கறேன்" என்றார்.

தங்கசாமி ஒரு சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். "ஜமுக்காளம் பெருசுங்களா?" என்று கேட்டார்.

"முப்பது அடிங்க."

"அப்ப வாரேன்."

இந்த யோசனை ஞானத்தால் வந்ததில்லை, ஜமுக்காளப் பெருமையால் வந்தது என்றுதான் சின்னண்ணன் கடைசிவரை சொன்னார்.

தரையில் உட்கார எல்லோரும் சம்மதித்தார்கள். ஆனால் நடு யார் என்பது தீரவில்லை. வட்டமாக உட்கார்ந்தாலும் தொடங்கு என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. அப்போது சின்னண்ணன், மூன்று மாதமாக மனதில் வைத்திருந்ததைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"நடுவுல நான் நிக்கறேனுங்க."

கைலாசம் மெதுவாகக் கேட்டார்: "கவுண்டரே, உங்களுக்கு ஒரு ராகமும் தெரியாதே."

"அதேதானுங்க காரணம். தெரிஞ்சவரு ஒருத்தரு நின்னா மத்த பத்துப் பேருக்கும் மனசு நோகும். எனக்கு ஒண்ணுந் தெரியாதுனு ஊருக்கே தெரியும். நான் நின்னா யாருக்கும் கொறவில்ல."

முதலில் சிரித்தவர் தங்கசாமி. பிறகு கைலாசம். இருவரும் ஒன்றாகச் சிரித்ததை அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதோடு விஷயம் முடிந்தது.

ஒத்திகைகள் நடந்தன. நாயனத்தின் சுருதியை இறக்க முடியாது என்பதால் கைலாசம் தம் கம்பிகளை ஏற்றினார். கிட்டே முகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னண்ணனின் கன்னத்தில் ஒரு கம்பி அறுந்து அடித்தது. 'சங்கீதம் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்' என்பார். தோட்டத்துப் புளியமரத்தில் ஒரு வளாரை வெட்டிச் சீவிக் குச்சி செய்துகொண்டார். தினமும் கிணற்று மேட்டில் நின்று ஆட்டிப் பழகினார். சௌந்திரம் பார்த்துவிட்டு, "மாடு ஓட்டறாப்லயே இருக்குதுங்க" என்றாள். மனிதர் எதைப் பழகியிருக்கிறாரோ அதுதானே கையில் வரும்?

கச்சேரி நாள் வந்தது. கோட்டை மலை அடிவாரத்து வெட்டவெளியில் நாலரை மணிக்கு ஜனங்கள் கூடிவிட்டார்கள். சின்னண்ணன் சலவை வேட்டியும், இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டும் போட்டிருந்தார். கோட்டு கக்கத்தில் பிடித்தது. ஜமுக்காளங்களை இறக்கி விரித்ததும் நேரமாகிவிட்டதென்று அவசரமாக ஓடி, ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் ஏறி நின்றுவிட்டார். வண்டி வித்துவான்களுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. காளைகளை அவிழ்க்க மறந்துபோனார்.

ஜனங்களுக்கு முதுகைக் காட்டினார். குச்சியை உயர்த்தினார். தங்கசாமி கைலாசத்தைப் பார்த்தார். கைலாசம் தவிலைப் பார்த்தார். சின்னண்ணனை யாரும் பார்க்கவில்லை. வாசிப்புத் தானாகத் தொடங்கிவிட்டது. அவர் குச்சி ஓர் அடி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. நாயனம் அடங்கி ஊதியது. வயலின் விட்ட இடத்தைக் கிளாரினெட் எடுத்துக்கொண்டது. சின்னண்ணனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினார். அந்தக் கூட்டத்தில் அவருடைய குச்சியையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஜீவன்கள் அப்போது புறப்பட்டன.

கழுத்துச் சலங்கை குலுங்கக் காளைகள் வண்டியை இழுத்துக்கொண்டு தவில்காரரின் முதுகை நோக்கி நடந்தன. சலங்கைச் சத்தம் தாளத்தோடு ஒட்டியே வந்ததால், ஜனங்கள் இதுவும் நோட்டீஸில் உள்ளதுதான் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். பட்டணத்து மனிதர் இந்த மாதிரிச் சமயத்தில் என்ன செய்வார் என்று சின்னண்ணன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வண்டி பத்தடி தூரத்தில் வந்துவிட்டது.

"ஹோஓஓ!" என்று கத்தினார்.

மூன்று காடு தாண்டும் குரல். காளைகள் சட்டென்று நின்றன. பதினொரு வித்துவான்களும் நின்றுவிட்டார்கள். அன்று அவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து சௌந்திரம் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் முன்னால் போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் காளைகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள். ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தங்கசாமிக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. அவர் மூச்சைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்தார். கைலாசம் அதிலேயே போய்ச் சேர்ந்துகொண்டார். மற்றவர்களும் வந்தார்கள். முன்பு வாசித்ததைவிட அதற்குப் பிறகு வாசித்ததுதான் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பயம் விட்டுப்போயிருந்தது. சின்னண்ணன் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் பெட்டியின் மேலேயே கடைசிவரை நின்றார்.

மறுநாள் அவர் ராஜினாமா எழுதிக்கொண்டு போனார். தலைவர் வாங்கவில்லை. "போன வருஷக் கச்சேரிக்கு வந்தது அறுபது பேர். நேத்து ஐந்நூறு. மிச்சம் ஐந்து கச்சேரியிலும் காளை வருமான்னு கேக்கறாங்க" என்றார். காளை வரவில்லை. ஜனங்கள் வந்தார்கள். ஐந்திலும் மேடை போடவில்லை.

அடுத்த வருஷ சீசனுக்குள் அந்தப் பதினொரு பேருக்கும் வெளியூர்களிலிருந்து அழைப்பு வந்தது. ஆத்தூரில் ஓர் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தங்கசாமியும் கைலாசமும் தோளோடு தோள் உட்கார்ந்து வாசித்தார்கள். குச்சி பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. இருந்தாலும் சின்னண்ணன் இரண்டு பஸ் மாறிப் போய், பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவரை அங்கே யாருக்கும் தெரியாது. குச்சியாட்டம் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து கேட்டபோது, வயலின் எங்கே விட்டு நாயனம் எங்கே எடுக்கிறது என்பது அவருக்கே புரிவது போல இருந்தது. சந்தோஷத்தில் தொடையில் தட்டத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் சற்று நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்து மெல்ல மடியில் வைத்தார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. தாளம் தப்புது. கையைச் சும்மா வச்சிக்கிட்டுக் கேளுங்க."

"ஆகட்டுங்க" என்று சின்னண்ணன் கையைக் கட்டிக்கொண்டார்.