சார்ஜன் ஐயாவின் ஐஸ்

தெப்ராவில் ஒரு தச்சுப்பட்டறையைக் கடக்கும்போது மழையில் நனைந்த மரத்தூள் வாசம் வந்தது. அது என்னை லாபிஸ் ரயில் பாதையோரம், இன்று பெட்ரோல் நிலையம் நிற்கும் இடத்தில் அன்றிருந்த சார்ஜன் ஐயாவின் ஐஸ் ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனது. மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸ்கட்டிகள், சாக்கு நனைந்து சொட்டும் தரை, பட்டாளத்தில் சார்ஜண்டாக இருந்த நாளின் காக்கிக் கால்சட்டையோடு கட்டிகளை அணிவகுக்க வைப்பதுபோல் அதட்டி ஏற்றும் அவர் குரல். எந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் உறவுக்காரர்களுக்கு முன்னால் அவர் லாரி இலவச ஐஸோடு வந்து நிற்கும். இறங்கி, செத்தவர் யாராயிருந்தாலும் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார், அதைப் பார்க்கவே நாங்கள் ஓடுவோம்.

அப்பா செத்தபோதும் வந்து சல்யூட் வைத்தார். ஐஸ் மட்டும் வரவில்லை.

“மெஷின் ரோசாக், கெட்டுப்போய் ஓடல தங்கச்சி. இல்லேன்னா குடுக்காம இருப்பேனா?” என்றார் அம்மாவிடம். அவர் பேசும்போதே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆலை உறுமுவது எல்லாருக்கும் கேட்டது. அந்த வருஷம் கோயில் தலைவர் தேர்தலில் அப்பா அவரை எதிர்த்து நின்றிருந்தார். வெயில் ஏற ஏற, சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த அண்ணனுக்குக் காத்திருக்க முடியாமல் அப்பாவை எடுத்துவிட்டோம்.

நேற்று, தொண்ணூற்றாறு வயதில், சார்ஜன் ஐயா போய்விட்டார். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?”

“இன்னைக்கு நாலு மணிக்கு. வர்றியாண்ணே?”

“எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லிடு.”